தொடங்குவது எளிது, தொடர்வதே தொண்டு

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அறிஞர் பலர் ஏறிய இம்மேடையில், இன்னும் படித்து முடியாத மாணவனாகிய என்னையும் ஏற்றிவைத்த செயற்குழுவினருக்கு முதற்கண் என் நன்றி. "விஞ்ஞானமும் தொண்டும்" என்ற பொருளிற் பேசும்படி பணித்தார்கள். கடல்போன்ற அப்பொருளிலிருந்து ஒரு கையளவே அள்ளிக்கொள்கிறேன். வீடுகளிற் சும்மா இருக்கும் கணினிகளைக் கொண்டு பெரிய ஆராய்ச்சிகளை நடத்தும் முயற்சி ஒன்று உலகில் நடைபெற்று வருகிறது. அதில் மக்கள் ஏன் சேர்கிறார்கள், ஏன் விலகுகிறார்கள், அவர்களை எவ்வாறு நிலைநிறுத்தலாம் என்பவையே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பிடியரிசி என்றால் என்னவென்று இங்கிருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் இட்டுவைப்பார்கள். வீட்டில் எவருக்கும் அதனாற் பசி மிகுவதில்லை. ஆயினும் ஊரிலுள்ள வீடெல்லாம் அவ்வாறு செய்தால் மூட்டை மூட்டையாக அரிசி சேர்கிறது. நான் சொல்லப்போகும் கணினித் தொண்டும் இத்தகையதே.

நாம் கடிதம் எழுதும்போதும் செய்தி படிக்கும்போதும் நமது கணினி தன் ஆற்றலில் மிகச் சிறு பகுதியையே செலவிடுகிறது. எஞ்சிய ஆற்றல் வீணே கழிகிறது. ஆராய்ச்சியாளரோ பல்லாயிரம் கணினிகள் வேண்டிநிற்கும் கணக்குகளோடு காத்திருக்கிறார்கள். அக்கணக்கைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, விருப்பமுள்ளவர்களின் கணினிகளுக்கு இணையத்தின் வழியே அனுப்பினால் என்ன? ஒவ்வொரு கணினியும் தனக்கு வந்த துண்டைச் செய்து விடையைத் திருப்பியனுப்பும். பின் அடுத்த துண்டைப் பெற்றுக்கொள்ளும். ஒரு கணினி பிழைவிடலாம், அல்லது அதை வைத்திருப்பவர் பொய்விடை அனுப்பலாம். ஆகையால் ஒரே துண்டை இருவருக்கு அனுப்பி, விடைகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் உண்டு.

இம்முயற்சிகளுள் மூத்தவற்றுள் ஒன்று 1996 ஆம் ஆண்டு ஜனவரியில் ஜோர்ஜ் வோல்ற்மன் என்பவர் தொடங்கிய "கிம்ப்ஸ்". மிகப் பெரிய முதன்மை எண்களைத் தேடுவது அதன் வேலை. ஆனால் உலகமெங்கும் பெயர்பெற்றது 1999 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் திகதி கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் ஆரம்பமான "செற்றி அற் ஹோம்" என்பதே. போட்டோ றிக்கோ தீவிலே அரிசீபோ என்னுமிடத்தில் 305 மீற்றர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி ஒன்று இருந்தது. அது வானிலிருந்து பெற்ற வானொலி அலைகளை நாடாக்களிற் பதிந்து பேர்க்கிலிக்கு அனுப்பினார்கள். வேற்றுலகத்தார் அனுப்பிய செய்தி ஏதும் அவற்றில் உண்டா என்று தேடும் பணி உலகத்தார் கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. கணினியில் வேலை செய்யாதபோது திரையிலே வண்ணக் கோபுரங்கள் போன்ற வரைபடம் எழும். "உன் கணினி இப்பொழுது வானத்தைத் தேடுகிறது" என்பதை அது சொல்லாமற் சொல்லும். அதில் மயங்காதவர் யார்? காலப்போக்கில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள்.

சபையோரே, சேர்ந்தவர் தொகையைச் சொல்லிவிட்டேன். தொடர்ந்தவர் தொகையோ அதிற் சிறு பகுதியே. இங்கேதான் என் பேச்சின் உட்பொருள் இருக்கிறது. கணக்கைப் பிரிப்பது எப்படி, விடையைச் சரிபார்ப்பது எப்படி என்று ஆராய்ந்தோர் பலர். மனிதரைத் தொடரச் செய்வது எப்படி என்று ஆராய்ந்தோர் சிலர்.

ஏன் விலகுகிறார்கள்? முதலாவது காரணம், தம் உழைப்பு என்னவாயிற்று என்று தெரியாமை. வானத்தைத் தேடியவனுக்கு ஆண்டுகள் பல கடந்தும் ஒரு சொல்லாவது வரவில்லையென்றால் ஆர்வம் குன்றாதா? இரண்டாவது காரணம் மிகச் சாதாரணமானது. பழைய கணினி பழுதாகிறது, புதியது வாங்குகிறோம், அதிலே அந்த நிரலை மறுபடி இட மறந்துவிடுகிறோம். இவர்கள் கோபித்துக்கொண்டு போனவர்களல்லர். ஒருவரும் நினைவூட்டாமையாற் போனவர்கள். மூன்றாவது காரணம் செலவு. வீணாகும் ஆற்றல் என்று நான் முன்பு சொன்னது முழு உண்மையன்று. ஓய்ந்திருக்கும் கணினியை உழைக்க விட்டால் மின்சாரம் மிகுதியாகச் செலவாகும், சூடு ஏறும், விசிறி இரையும்.

நான்காவது காரணத்துக்கு 2020 ஆம் ஆண்டு நல்ல சாட்சி. "போல்டிங் அற் ஹோம்" என்ற முயற்சி 2000 ஆம் ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலே தொடங்கியது. புரதங்கள் எவ்வாறு மடிகின்றன என்பதைக் கணித்து நோய்களின் இயல்பை அறிவது அதன் நோக்கம். கொரோனா நோய் பரவியபோது அக்கிருமியின் புரதங்களை ஆராயத் தொடங்கினார்கள். அதற்கு முன் சுமார் 30,000 ஆக இருந்த கணினிகள் சில மாதங்களில் 10 இலட்சத்தைத் தாண்டின. ஒரு விநாடியில், ஒன்றின் பின் 18 பூச்சியங்கள் இட்டுவரும் தொகையளவு கணக்குகளைச் செய்யும் எல்லையை உலகில் முதன்முதல் எட்டியது இந்தத் தொண்டர் கூட்டமே. ஆனால் என்ன நேர்ந்தது? வந்தவர்களுக்குக் கொடுக்க வேலை போதவில்லை. ஆயிரமாயிரம் கணினிகள் கைகட்டிக் காத்திருந்தன. பின்னர் அக்குறை தீர்க்கப்பட்டது. எனினும் நோயின் அச்சம் தணியத் தணியக் கூட்டமும் கலைந்தது. பேரிடர் மனிதரைத் திரட்டும். ஆனால் அவர்களைக் கட்டிவைக்காது.

அன்பர்களே, அவ்வாறு கலைந்துபோனவர்களுள் உங்கள் முன் நிற்கும் நானும் ஒருவன். அக்காலத்தில் நான் பாடசாலை மாணவன். மிஷன் பள்ளியிற் படித்தபோது விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இதைப்பற்றிச் சொல்லியிருந்தார். ஊரடங்கு வேளையில் அப்பாவின் மேசைக் கணினியில் அந்த நிரலை இட்டேன். இரவு பகலாக ஓடவிட்டேன். "தம்பி, உது என்ன விடிய விடிய இரையுது?" என்று அம்மம்மா கேட்பார். "நோய்க்கு மருந்து தேடுது அம்மம்மா" என்பேன். "அப்ப இரையட்டும்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். என் பெயருக்கு நேரே புள்ளிகள் ஏறுவதைக் காலையும் மாலையும் எண்ணி மகிழ்ந்தேன்.

பின்னர் 2022 ஆம் ஆண்டு வந்தது. நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தன. அப்பா ஒருநாள் பட்டியலை என் முன்னே வைத்தார். ஏசவில்லை. "தம்பி, தருமம் செய்யிறது நல்லதுதான். ஆனா ஆற்றை காசில செய்யிறாய்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. அன்றே நிரலை அழித்துவிட்டேன். இரண்டு ஆண்டுகளாக எனது தொண்டென்று நான் பெருமைப்பட்டது அப்பாவின் தொண்டு. அவரிடம் நான் ஒருமுறையாவது கேட்டதில்லை.

இனி, தொடரச் செய்யும் வழிகளைப் பார்ப்போம். முதல் வழி புள்ளி. செய்த வேலைக்கு அளவாகப் புள்ளி வழங்குவார்கள். நாட்டின் பெயராலும் கல்லூரியின் பெயராலும் குழுக்கள் சேர்ந்து போட்டியிடும். இது பலருக்கு ஊக்கம் தருவது மெய். ஆனால் புள்ளியே குறியாகும்போது தீமையும் புகுந்துவிடும். வேலை செய்யாமலே விடையனுப்ப முயன்றவர்கள் உண்டு. நிறுவனத்துக் கணினிகளில் அனுமதியின்றி நிரலை இட்டு வழக்கிற் சிக்கியவரும் உண்டு. அடுத்தவர் அரிசியைத் தன் பிடியாக இடுவது தருமமாகாது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இரண்டாவது வழி, பயனைத் தெரிவித்தல். "ஐன்ஸ்ரைன் அற் ஹோம்" என்னும் முயற்சி 2010 ஆம் ஆண்டில் அதுவரை அறியப்படாத துடிவிண்மீன் ஒன்றைக் கண்டது. அதைக் கண்டவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலும் இருந்த தொண்டர்களின் கணினிகள். அவற்றுக்குரியவர்களின் பெயர்களை விஞ்ஞானிகள் உலகறியச் சொன்னார்கள். அந்த ஒரு செய்கை, காணாத பிற தொண்டர்க்கும் எவ்வளவு தெம்பளித்திருக்கும்!

மூன்றாவது வழி, கொடுப்பவனின் அளவறிந்து கேட்டல். பேர்க்கிலியிலே டேவிட் அன்டர்சன் என்பவர் 2002 ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய "பொயிங்க்" என்னும் நிரலில், எத்தனை மணிக்கு ஓடவேண்டும், கணினியின் ஆற்றலில் எத்தனை சதவீதம் எடுக்கலாம் என்பவற்றை உரியவரே வரையறுக்கலாம். ஒரு முயற்சி முடிந்தால் வேறொன்றுக்கு மாறலாம். மூட்டையாகக் கேட்டால் ஒருநாள் கொடுப்பார்கள். பிடியாகக் கேட்டால் என்றும் கொடுப்பார்கள்.

நான்காவது வழி, மரியாதையாக விடைகொடுத்தல். செற்றி அற் ஹோம் 2020 மார்ச் 31 ஆம் திகதியுடன் புதிய வேலை அனுப்புவதை நிறுத்தியது. இதனை முன்கூட்டியே அறிவித்து, வந்த விடைகளை இனி ஆராய வேண்டுமென்று காரணமும் கூறினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 1 ஆம் திகதி அரிசீபோத் தொலைநோக்கி இடிந்து விழுந்தது. ஆயினும் தொண்டர் சேர்த்த செல்வம் அழியவில்லை. சுமார் 1,200 கோடிக் குறிகளைச் சலித்து நூறளவாகக் குறைத்து, அவற்றைச் சீனாவின் பெரிய தொலைநோக்கியால் மீண்டும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். வேற்றுலகச் செய்தி கிடைக்கவில்லை. எனினும் தேடியது வீண் என்று எவரும் சொல்லார்.

பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். தெனெசி மாநிலத்து மின்பொறியியலாளர் ஒருவர் 14 ஆண்டுகளாகக் கிம்ப்ஸ் தேடலில் தம் கணினியை ஈடுபடுத்தி வந்தார். 2017 டிசம்பர் 26 ஆம் திகதி, 77,232,917 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் முதன்மை எண் என்பதை அக்கணினி கண்டது. அந்த எண்ணுக்கு 23,249,425 இலக்கங்கள். பதின்மூன்றாம் ஆண்டில் அவர் நிறுத்தியிருந்தால்? வேறொருவர் கண்டிருப்பார் என்பீர்கள். உண்மைதான். ஆனால் எல்லாரும் பதின்மூன்றாம் ஆண்டில் நிறுத்தினால் ஒருவரும் காணார்.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு, பகுதிநேரமாகப் பாடஞ்சொல்லிச் சேர்த்த பணத்தில் ஒரு மடிக்கணினி வாங்கினேன். அப்பாவிடம் கேட்டேன். "எவ்வளவு நேரம்?" என்றார். "நாளுக்கு இரண்டு மணித்தியாலம், அதற்குரிய காசு நான் தருவேன்" என்றேன். சிரித்துக்கொண்டு சம்மதித்தார். இன்றுவரை அது ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு ஒரு கிழமையில் எடுத்த புள்ளியை இப்பொழுது பல மாதத்திலும் எடுக்கேன். ஆனால் இது நின்றுபோகாது என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

நமது மன்றத்தின் மாலை வகுப்புக்கும் வாசிகசாலைக்கும் தொண்டர் பட்டியல் எழுதும்போது தாள் போதுவதில்லை. ஆறு மாதத்தின் பின் வருவோரை விரல்விட்டு எண்ணலாம். வராதவர்களைக் குறைகூறுமுன் நாம் நம்மையே சில கேள்விகள் கேட்போம். வந்தவருக்குச் செய்ய வேலை வைத்திருந்தோமா? அவரால் இயன்ற அளவை அறிந்து கேட்டோமா? அவர் கற்பித்த பிள்ளை தேறியபோது அவருக்கு ஒரு வார்த்தை சொன்னோமா? வராமல் நின்றவரின் வீட்டுப் படலையைத் தட்டி, "ஏன் காணவில்லை?" என்று அன்போடு கேட்டோமா? பிடியரிசிப் பானையை எடுக்க ஆள் வராத வீட்டில், கொஞ்ச நாளில் அந்தப் பிடி உலைக்குத்தானே போகும்!