மாடியில் சோலார்: முதல்ல கரண்ட் பில்லை எடுங்க

(திண்டுக்கல்லில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வாசல்லயே ரெண்டு மூணு பேர் பிடிச்சுக் கேட்டுட்டீங்க, "சார், சோலாரை கவர்மெண்டு ஃப்ரீயா போட்டுத் தர்றாங்களாமே?" என்று. ஃப்ரீ இல்லைங்க, மானியம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் 78,000. அதோடு நின்றுவிடும். இந்தப் பணம் வேலை முடிந்து, நெட் மீட்டர் மாட்டிய பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். முழுத் தொகையை முதலில் நீங்கள் புரட்ட வேண்டும். அதற்கு வங்கிகள் ஈடு இல்லாமல் கடன் தருகின்றன.

சரி, எத்தனை கிலோவாட் போடுறது? இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. விற்க வருபவர் "மூணு போடுங்க, மானியம் முழுசா கிடைக்கும்" என்பார். நீங்க உங்க கரண்ட் பில்லை எடுங்க.

ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட் ஓடும் வீடு என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை கட்டணப்படி பில் 3,825 ரூபாய். நம்ம வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் ரெண்டு மாசத்தில் 480. மீதி 220 யூனிட்டுக்குத்தான் பில். முதல் 100 இலவசம், 500-க்குள் இருப்பதால் அடுத்த 100-க்கு 2 ரூபாய் 35 பைசா, மிச்சம் 20-க்கு 4.70. மொத்தம் 329 ரூபாய்! 500 யூனிட்டைத் தாண்டும்போது வரும் அந்த அடி இல்லாமல் போய்விடுகிறது, அதுதான் பெரிய லாபம். 2 கிலோவாட்டுக்கு 1,40,000 ஆனால், மானியம் போக 80,000. ஏறக்குறைய நாலு வருஷத்தில் எடுத்துவிடலாம். சோலாருக்காக மின்வாரியம் வசூலிக்கும் கட்டணங்களைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கோங்க.

மூணாவது கிலோவாட் போட்டால்? கூடுதலாக மிச்சமாவது அந்த 329 ரூபாய் மட்டும். அதற்கு மானியமும் 18,000தான். வருஷத்துக்கு 2,000 ரூபாய்க்காக இவ்வளவு பணத்தை மாடியில் ஏற்றணுமா? ஏசி வாங்கப்போறீங்க, மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போறீங்க என்றால் அது வேற கணக்கு. 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில்லே 705 ரூபாய். அவங்க அவசரப்படவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

அடுத்தது, பெயர். எங்க தெருவில் ஒரு அக்கா முன்பணம் கட்டி, கம்பி எல்லாம் இறக்கியாச்சு. இணைப்பு மட்டும் காலமான மாமனார் பெயரில்! விண்ணப்பம் அப்படியே நின்றுபோச்சு. பெயர் மாற்றம் முடியும்வரை கம்பி வெயிலில் கிடந்தது. அதனால் முதலில் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுங்க. அப்புறம் போனிலேயே பிஎம் சூர்ய கர் தளத்தில் மின் இணைப்பு எண் கொடுத்துப் பதிவு செய்யலாம். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப சாத்தியக்கூறு ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று 2024-லேயே விதி வந்துவிட்டது. நிறுவனத்தை அந்தத் தளத்தில் உள்ள பட்டியலில் இருந்தே தேர்ந்தெடுங்க. பேனல் இந்தியாவில் தயாரான செல் கொண்டதாக இருந்தால்தான் மானியம். கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்க.

ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேணும். தண்ணீர்த் தொட்டி நிழலும், பக்கத்து வீட்டுத் தென்னை நிழலும் சாயங்காலம் எங்க விழுதுன்னு மாடியில் ஏறிப் பாருங்க. கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும், பேட்டரி இல்லாத சிஸ்டத்தில் அது கோளாறு இல்லை. கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கான பாதுகாப்பு.

நம்ம ஊர்த் தூசிக்குக் கழுவாமல் முடியாது. ஆனா போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு வெள்ளையாகப் படியும். காமராஜர் அணைத் தண்ணீர் வரும் நாளில் ரெண்டு வாளி பிடித்து, வெயில் ஏறுவதற்குள் துணியால் துடைத்துவிடுங்க. மதியம் சூடான கண்ணாடியில் ஊற்றாதீங்க.

இப்ப யாராவது கரண்ட் பில் கொண்டு வந்திருந்தா கொடுங்க, உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.