டோக்கன் மாறினால் பந்தி மாறும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த தொழில் ரூட்டர். பிறந்த ஊர் திருக்கடையூர். இரண்டையும் வைத்துச் சமாளிக்கிறேன்.

எங்கள் ஊர் கோயிலுக்கு எந்த நாள் போனாலும் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடந்துகொண்டிருக்கும். ஒரே பிரகாரத்தில் பல குடும்பங்கள். "ராமமூர்த்தி மாமா!" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனாலும் ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டு ஹோமத்தில் போய் உட்காருவதில்லை.

எம்.பி.எல்.எஸ். வி.பி.என். என்பதும் இதுதான். ஒரே நெட்வொர்க்கில் பல கம்பெனிகளின் போக்குவரத்து. தனியார் முகவரிகளை யார் வேண்டுமானாலும் உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்பதால், பாதிக் கம்பெனிகளின் முகவரி 10 என்றுதான் தொடங்கும். இதைக் குழப்பமில்லாமல் பிரிக்கும் வழியை 1999-ல் எரிக் ரோசன், யாக்கோவ் ரெக்டர் இருவரும் ஆர்.எஃப்.சி. 2547-ல் எழுதினார்கள். 2006-ல் அது ஆர்.எஃப்.சி. 4364 ஆனது.

அதில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, ரூட் டிஸ்டிங்விஷர். ராமமூர்த்திக்கு முன்னால் "மன்னார்குடி" என்று ஊர்ப்பெயர் சேர்ப்பது போல. ஆளை அடையாளம் காண மட்டுமே அது உதவும். ஊர்ப்பெயரைப் பார்த்து யாரும் பந்தியில் உட்கார வைப்பதில்லையே!

பந்தியைத் தீர்மானிப்பது இரண்டாவது: ரூட் டார்கெட். அதைச் சாப்பாட்டு டோக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையின் ரூட்டை வெளியே அனுப்பும்போது அதன் கையில் டோக்கன் கொடுப்பது எக்ஸ்போர்ட். அடுத்த முனையில் வாசலில் நின்று, இந்த நிற டோக்கனை மட்டும் உள்ளே விடு என்பது இம்போர்ட். இரண்டு டோக்கன் வைத்திருப்பவர் இரண்டு பந்தியிலும் உட்காரலாம். கிளைகள் தலைமை அலுவலகத்தோடு மட்டும்தான் பேச வேண்டும், தங்களுக்குள் பேசக் கூடாது என்றால், போக ஒரு நிறம், வர ஒரு நிறம். அவ்வளவுதான்.

இப்போது என் கதை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். ராத்திரி ரெண்டு மணி. 110 என்று அடிக்க வேண்டிய இம்போர்ட் வரியில் 101 என்று அடித்தேன். ரூட்டரில் தலைமை அலுவலக முகவரிக்கு ரூட் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. தூங்கப் போய்விட்டேன். அது *யாருடைய* ரூட் என்று பார்க்கவில்லை. அதே முகவரியை வைத்திருந்த வேறொரு கம்பெனியின் ரூட் அது.

காலை பத்து மணிக்கு அந்த வாடிக்கையாளரின் கிராமக் கிளையில் பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். கம்ப்யூட்டர் அசையவில்லை. "லைன் ஃபால்ட் சார்" என்றேன் மேனேஜரிடம். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். நாற்பது நிமிடம் கழித்து அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. கை நடுங்கியது. பெரியவர்கள் காத்திருந்தது ஒரு பக்கம். அந்தக் கிளையிலிருந்து கிளம்பிய தகவல் முழுக்க அந்நியன் வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறது என்பது இன்னொரு பக்கம். எம்.பி.எல்.எஸ். தானாக எதையும் பூட்டி அனுப்புவதில்லை. நாம் "பிரைவேட்" என்று விற்கும் சுவர், உண்மையில் ஒரு எண்தான். மேனேஜரிடம் போய் என் தவறு என்று சொன்னேன். திட்டினார். பிறகு டீ வாங்கித் தந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கடைமடை. கோடையில் தண்ணீர் வந்து சேராது. ஐப்பசி கார்த்திகையில் வேண்டாத வெள்ளமெல்லாம் எங்கள் தலையில்தான். கடைசியில் இருக்கும் சின்ன ரூட்டருக்கும் அதே கதி. தனக்குச் சம்பந்தமில்லாத ரூட்டெல்லாம் வந்து குவியும். ஒவ்வொன்றாகப் பார்த்துத் தூக்கி எறிந்தே அது களைத்துப் போகும். 2006-ல் வந்த ஆர்.எஃப்.சி. 4684 இதற்கு மதகு கட்டியது. எனக்கு இந்த டோக்கன்கள் மட்டும் போதும் என்று ரூட்டரே மேலே சொல்லி அனுப்பும். மற்றவை கீழே இறங்கவே இறங்காது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: கேட்பதையே தப்பாகக் கேட்டால், தப்பானதுதான் வரும். மதகு சுமையைக் குறைக்கும். நம் கைத்தவறைத் திருத்தாது.

தம்பிகளே, தங்கைகளே! ரூட் டார்கெட் எண்களுக்கு ஒரே ஒரு பதிவேடு வையுங்கள். மாற்றம் செய்தால் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ரூட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்த முனையிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரின் டேபிளிலும் இத்தனை ரூட்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு போடுங்கள். ரகசியம் முக்கியமென்றால் அதற்கு மேல் என்கிரிப்ஷன் போடச் சொல்லுங்கள்.

நம் ராத்திரி ரெண்டு மணி, எங்கோ ஒரு பெரியவரின் காலை பத்து மணி. அதை மறக்காதவரே நல்ல இன்ஜினியர்.

மதிய உணவுக்கு டோக்கன் கொடுத்திருக்கிறார்கள். நிறத்தைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள்.