நியாய விலையும் நியாயமான ஆகாரமும்

(பெருங்குடியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)

பெருங்குடி முன்னர் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கிராமம். பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்து நெல் விளைந்தது. சதுப்பில் மீன் கிடைத்தது. வரப்புக் கீரைக்கு ஒருவரும் காசு கேட்டதில்லை. 2011-ல் ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. நகரத்துக் குப்பையோ அதற்கு வெகு முன்பே சதுப்பில் வந்து சேர்ந்துவிட்டது. வயல்கள் இருந்த பக்கம் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பின. அவற்றைப் பெருக்கித் துடைக்கும் ஸ்திரீகளும், இரவில் காவல் காக்கும் ஆடவரும் இன்று ஒரு கட்டுக் கீரையையும் விலைக்கே வாங்கவேண்டும். மாதம் பிறந்தால் வாடகை முந்திக்கொள்கிறது. குறைவது பருப்பும் காய்கறியுமே.

இவர்கள் பட்டினி கிடக்கவில்லை. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரருக்கு அரிசி இனாமாகக் கிடைக்கிறது. அதை வழங்கும் நியாய விலைக் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்களே. துவரம் பருப்பும் உண்டு: அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, விலை 30 ரூபாய். ஐந்து பேருள்ள வீட்டில் கணக்குப் பாருங்கள். தலைக்கு நாளொன்றுக்கு 7 கிராமுக்கும் குறைவு. பருப்பு வகைகள் 85 கிராமும், காய்கறி 400 கிராமும் வேண்டுமென்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கூறுகிறது. மிச்சத்தைக் கடைத்தெருவில் வாங்க முடிந்தவர் வாங்குகிறார். முடியாதவர் சோற்றைக் கூட்டிக்கொள்கிறார். வயிறு நிறைகிறது, இரத்தம் ஊறுவதில்லை. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சோகை.

ஏழைகள் அறியாமையால் சத்தற்றதைத் தின்கிறார்கள் என்று சொல்லுவோர் உண்டு. அந்த ஹைதராபாத் நிறுவனத்துக்கு மூலமான ஆராய்ச்சிசாலை குன்னூரில் இருந்தது. அங்கே ராபர்ட் மக்காரிஸன் என்னும் வைத்தியர் சில எலிகளுக்குப் பஞ்சாபியரின் கோதுமை, பால், காய்கறி ஆகாரத்தையும், வேறு சிலவற்றுக்குச் சென்னை ராஜதானியின் அரிசி ஆகாரத்தையும் கொடுத்துப் பார்த்தார். முன்னவை நன்கு வளர்ந்தன, பின்னவை மெலிந்தன. அந்த எலிகள் தங்கள் ஆகாரத்தைத் தேர்ந்துகொள்ளவில்லை. கூண்டில் வைத்ததைத் தின்றன, அவ்வளவே. வருமானமும் வாடகையும் மனிதனுக்கு இட்ட கூண்டு அதைவிட விசாலமானதன்று.

சங்கம் இதில் என்ன செய்யும்? 1904-ல் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்தது, நல்ல சாமானைச் சரியான விலைக்குப் பெறவே. 2013-ல் பண்ணை பசுமைக் கடைகளும் கூட்டுறவின் மூலமாகவே சென்னையில் திறக்கப்பட்டன. விளைவிப்போரிடம் நேரே வாங்கினால் தரகு மிஞ்சும். ஆனால் கடை எங்கே, எந்நேரம் திறந்திருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவளுக்குக் காலைக் கடையால் பயனில்லை. அவளுக்கு மிஞ்சுவது வாடிய கத்தரிக்காய்.

ஆகையால் அடுத்த மகாசபையில் மூன்று விஷயங்கள் ஆலோசனைக்கு வரலாம்: மாலை ஏழு முதல் ஒன்பது மணி வரை காய்கறி விற்பனை, பயறும் கடலையும் மொத்தமாக வாங்கி அடக்கவிலைக்கே கொடுத்தல், மாதக் கடைசி வாரத்தில் சிறு அளவு கடன். கணக்கை எழுத ஒருவரும், விடியுமுன் கோயம்பேடு போய்வர ஒருவரும் முன்வந்தால் போதும். பெயர்களைக் காரியதரிசியிடம் இன்றே கொடுக்கலாம்.