பூசிமலைக்குப்பம் மாளிகை: நாலு பக்கமும் காலி விட்ட வீடு

கண்ணமங்கலத்துல இருந்து பைக்ல போயிட்டு வந்துடற தூரத்துல, பூசிமலைக்குப்பத்துல ஒரு பாழடைஞ்ச மாளிகை இருக்கு. ஆரணி ஜாகிர்தார் குடும்பம் கட்டினது. ஜாகிர்தார் தன்னோட வெள்ளைக்கார மனைவிக்காகக் கட்டினார்னு ஊர்ல ஒரு கதை சொல்வாங்க. அந்தக் காதல் கதையும், கூடவே பேய்க் கதையும் யூடியூப்ல தேவைக்கு மேலயே கிடைக்குது. நாம கட்டடத்தைப் பத்திப் பேசலாம்.

ஜாகிர்தார்கள் 17ஆம் நூற்றாண்டுலயே இந்தப் பக்கம் வந்த மராத்திக் குடும்பம். அவங்க ஏன் இங்கிலீஷ்காரன் மாதிரி வீடு கட்டணும்? அந்தக் காலத்துல அதிகாரம்னா அப்படித்தான் தெரியும். ஆரணி நெசவுத் தெருவைப் பாருங்க. வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும், முன்னாடி திண்ணை, நடுவுல முற்றம். வெளிச்சமும் காத்தும் உள்ள இருந்தே வரும். இங்கிலாந்துத் தனி வீடு நேர் எதிர். நாலு பக்கமும் இடம் விட்டு, ஜன்னல் வழியா வெளியே தோட்டத்தைப் பார்க்கும். அங்க வெயில் உள்ள வரணும். நம்ம ஊர்ல வெயிலைத் தடுக்கணும். அதனாலதான் இங்க வந்ததும் அந்த வீட்டுக்கு வராந்தாவும் உயரமான கூரையும் முளைச்சுது. ‘பங்களா’ங்கற பேரே வங்காளத்துல இருந்து போனதுதானே!

இப்ப முக்கியமான விஷயம், கூரை. அந்தக் காலக் கட்டடங்கள்ல மெட்ராஸ் டெரஸ்னு ஒரு முறை உண்டு. தேக்கு உத்தரம் போட்டு, மேல சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லா, சாய்வா சுண்ணாம்புல அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் காரை, கடைசியா தட்டு ஓடு. அருமையான வேலை. ஆனா சுவருக்குள்ள இருக்கற உத்தர நுனி ஈரத்துல உளுத்துப் போனா அந்தப் பகுதியே உட்கார்ந்துடும். சுவரோட தலை திறந்துட்டா மழை இறங்கும், காரை கரையும், அரச மரம் வேர் விடும். ஒரு ஃபங்ஷன் போனா சிஸ்டமே விழற மாதிரிதான்.

1948ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. வருமானம் நின்னா முதல்ல நிக்கறது பராமரிப்பு. இப்ப சுவரெல்லாம் காதலர்கள் பேரு! அதைவிட எனக்குப் பயம், யாராவது நல்ல எண்ணத்துல சிமெண்ட் பூசிடுவாங்களோன்னுதான். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமெண்ட் ஈரத்தை உள்ளயே பிடிச்சு வெச்சுக்கும், செங்கல் உள்ளுக்குள்ள உதிரும். அந்த மாதிரி கட்டடத்துக்குச் சுண்ணாம்பு தெரிஞ்ச கொத்தனார்தான் வேணும். அவங்களும் குறைஞ்சுட்டே வர்றாங்க.

எங்க வீட்லயும் இப்ப கட்டட வேலை. பாட்டி காலத்து முற்றத்தை எடுத்துட்டு, டூப்ளெக்ஸ். பிளான்ல மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, வராந்தா கிடையாது. இங்கிலீஷ் வீட்டுல இருந்து வேண்டாததை மட்டும் எடுத்துக்கிட்ட மாதிரி! கண்ணாடியைக் குறைச்சு, ஒரு ஆறடி வராந்தா இழுக்கலாம்னு சொல்லிட்டிருக்கேன். அம்மா இன்னும் ஒத்துக்கல. எலிவேஷன் போயிடுமாம்.