நாலூரானுக்கும் மோட்சம்



காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பிறந்தவர் கூரத்தாழ்வான். தன் ஆசாரியர் இராமானுசருக்குப் பதிலாக, அவர் காவியைத் தான் உடுத்திச் சோழன் அவைக்குப் போனார். மன்னன் நீட்டிய ஓலையில் கையெழுத்திட மறுத்துக் கண்களை இழந்தார் என்கிறது குருபரம்பரை. மன்னனுக்குத் தூபம் போட்டவன் நாலூரான், ஆழ்வானின் சீடன். பின்னாளில், காஞ்சி வரதராசரிடம் பார்வையைக் கேட்கும்படி ஆசாரியர் சொன்னார். ஆழ்வான் கேட்டதோ, தனக்குக் கிடைக்கும் மோட்சம் நாலூரானுக்கும் வேண்டும் என்று. அந்தச் சோழன் யார் என்ற வழக்கு வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் தீரவில்லை. பாதிக்கப்பட்டவர் மட்டும் தன் வழக்கை அன்றே முடித்துவிட்டார்.

நாலூரான் செய்தது சரியென்று ஆழ்வான் சொல்லவில்லை. செயலையும் ஆளையும் பிரித்துப் பார்த்தார். குற்றவியல் மல்லுக்கட்டுவதும் இந்த இடத்தில்தான். 1764-ல் இத்தாலியின் பெக்காரியா செயலைப் பார்க்கச் சொன்னார்: தண்டனை குற்றத்தின் அளவைத் தாண்டக்கூடாது. 1876-ல் அதே நாட்டின் லொம்புரோசோ ஆளைப் பார்க்கச் சொன்னார். மண்டையோட்டையும் தாடையையும் அளந்து பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடித்ததாகவே நம்பினார்.

அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1871-ல், இந்தியாவை ஆண்ட வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. அதற்கு அளவுகோல்கூட வேண்டியிருக்கவில்லை, சாதிப் பெயரே போதும். 1911-ல் புதுச் சட்டமாகிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவு, இரவு ஆஜர், வெளியூர் போக ராதாரிச் சீட்டு. 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். ரேகை கேட்டது எந்தத் திருட்டுக்காகவும் அல்ல, பிறப்புக்காக.

அதே 1920-ல் அதே மாகாணம் சிறார் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அதுவே முதல். தவறிய பிள்ளை திருந்தும் என்று எழுதிய அரசுதான் பிறப்பைக் குற்றமாக்கியதும்.

செயலைக் கண்டித்தும் ஆளைக் கைவிடாத வழியும் உண்டு. 1989-ல் நியூசிலாந்து, மாவோரி வழக்கத்தையொட்டி, தவறிழைத்த சிறுவனையும் பாதிக்கப்பட்டவரையும் குடும்பத்தாரோடு ஒன்றாக உட்கார வைத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் மன்னிப்பைக் கேட்டு வாங்கும் உரிமை எந்த மன்றத்துக்கும் இல்லை. 'சமாதானமாப் போங்க' என்று பெண்ணின் வாயை அடைத்த பஞ்சாயத்துகள் நம் ஊரில் ஏராளம்.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் ஒழிந்தது. சிறைப் பதிவேட்டில் சாதிக்கென இருந்த கட்டத்தை நீக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதோ 2024 அக்டோபர் 3-ல்தான். இன்று பட்டம் பெற்று வழக்கறிஞராக, காவல் அதிகாரியாக, நன்னடத்தை அலுவலராகப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே பழைய கோப்புகளைத் திறப்பார்கள். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் 'வழக்கமான குற்றவாளி' என்று எழுதியிருந்தால், எந்த வழக்கில், எந்தத் தீர்ப்பின் பேரில் என்று அவர்கள் கேட்க வேண்டும்.