தோற்கிற டீமுக்கு யார் வேண்டும்?



திண்டுக்கல் வட்டாரத்தில் கால்பந்து டீம் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. வரிசையாகத் தோற்கும்போது யாராவது ஆரம்பிப்பார்: "மதுரையில ஒரு பையன் இருக்கான்ணே. பந்து கால்ல ஒட்டிக்கிட்டு வரும். என்ன, ரெஃப்ரிகிட்ட மல்லுக்கு நிப்பான்." அப்புறம் விடிய விடியப் பஞ்சாயத்து.

கோடிகள் புரளும் இந்தியன் சூப்பர் லீக்கிலும் இதே கதைதான். 2014இல் மும்பை சிட்டி, பிரான்ஸ் நாட்டு வீரர் அனெல்காவைக் கூட்டிவந்தது. 2010 உலகக்கோப்பை நடுவிலேயே, பயிற்சியாளரைத் திட்டினார் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். 2013 டிசம்பரில் இங்கிலாந்தில் கோல் போட்டதும் அவர் காட்டிய கைச்சாடை யூதர்களை இழிவுபடுத்துவது என்று ஐந்து ஆட்டத் தடையும் 80,000 பவுண்டு அபராதமும் விழுந்தன. அந்த நினைப்பில் காட்டவில்லை என்றார் அவர். மும்பைக்கு என்ன கிடைத்தது? எட்டு அணிகளில் ஏழாவது இடம். அடுத்த ஆண்டு அவரையே பயிற்சியாளராகவும் வைத்துப் பார்த்தார்கள், ஆறாவது இடம். அதே 2015இல் புனே அணி, கோகெய்ன் விவகாரத்தில் இங்கிலாந்தின் செல்சி அணி வெளியேற்றிய முட்டு என்ற ஆட்டக்காரரை எடுத்தது. ஏழாவது.

"சென்னை ஜெயிச்சதே!" என்பீர்கள். ஜெயித்ததுதான். சென்னையின் எஃப்.சி.யின் அன்றைய பயிற்சியாளர் மாட்டராசி யார்? 2006 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் ஜிடான் தலையால் முட்டினாரே, நெஞ்சில் வாங்கிக்கொண்டு விழுந்தவர். முட்டும் அளவுக்கு வாயைக் கொடுத்தவரும் அவரேதான்! 2015இல் அவருடைய அணி பத்து ஆட்டத்தில் பத்தே புள்ளிகளோடு கடைசியில் கிடந்தது. மிச்சமிருந்த நான்கையும் வென்றது. டிசம்பர் வெள்ளத்தால் சென்னையில் ஆட முடியாமல் அரையிறுதியைப் புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தது. டிசம்பர் 20, கோவாவில் கோவா அணியோடு இறுதியாட்டம். கடைசி நிமிடத்தில் 1-2. ஆட்டம் முடியும்போது 3-2!

அன்றிரவே சென்னையின் நட்சத்திரம் எலானோ கைதாகி, பிறகு ஜாமீனில் வந்தார். தாக்கினார் என்று கோவா அணியின் இணை உரிமையாளர் புகார் கொடுத்திருந்தார். கோப்பை வாங்கிய ராத்திரி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் நிலைமை எந்த அணிக்கும் வரக் கூடாது.

அந்தக் கோப்பைக்கு உழைத்த கால் மெண்டோசாவுடையது. கொலம்பியா இளைஞர், 13 கோல். மறு ஆண்டு அவர் போய்விட்டார், மாட்டராசி இருந்தார்; சென்னை ஏழாம் இடத்துக்கு இறங்கியது. தகராறுப் பேர்வழியால்தான் ஜெயித்தோம் என்பதை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

அதற்காக முன்கோபிகளை எல்லாம் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆட்டத்தில் சூடாகிறவனைக் கேப்டன் இழுத்துப் பிடிக்கலாம், பெஞ்சில் உட்காரவைக்கலாம். ஆனால் எதிராளியின் சாதியை, மதத்தைச் சொல்லித் திட்டுகிறவன் வேறு கணக்கு. பேகம்பூர்ப் பையனும் சர்ச் ஸ்கூல் பையனும் ஒரே ஜெர்சி போட்டு ஆடுகிற ஊர் இது. அப்படி ஒருவன் பத்து கோல் போடுவான் என்றாலும் என் ஓட்டு 'வேண்டாம்'தான். ஆகவே ஆள் எடுக்கும் முன்னால், அவன் கடைசியாக ஆடிய டீமின் கோல்கீப்பரிடம் விசாரியுங்கள். பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர், எல்லாவற்றையும் கேட்டவர் அவர்தான்.