கண்மாய்க் கரையில் நின்றுவிடாதபடிக்கு

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூட்டத்தில் கிராம மருத்துவக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



கிராம ஊழியத்தைப்பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். எத்தனை கிராமம், எத்தனை நோயாளிகள் என்ற கணக்கு ஆண்டறிக்கையில் இருக்கிறது. அதைத் தயவுசெய்து வாசித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எங்கள் வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு தகரப் பெட்டியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அதில் மருந்து இல்லை. ஃபேன் பெல்ட்டும் ரப்பர் ஹோஸும் நட்டு போல்ட்டும் இருக்கின்றன. இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அந்தச் சாலைகளில் வண்டி நின்றால் ஒரு போன் போட்டு மெக்கானிக்கை வரவழைத்துவிடலாம். எங்கள் வழி வேறு. கல்லல், தேவகோட்டை, சிங்கம்புணரி என்று எந்தத் திசையில் போனாலும் தார்ச்சாலையை விட்டு இறங்கினதும் செம்மண் பாதை; அதற்கு அப்பால் கண்மாய்க் கரை. சிவகங்கைச் சீமை முழுவதும் கண்மாய்கள்தானே. கரையின்மேல் ஒரு வண்டி போகலாம், திருப்ப இடமிராது. ஐப்பசி கார்த்திகையில் கலுங்கு வழிந்தால் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும். தெற்கே இளையான்குடிப் பக்கம் கரிசல் நிலத்தில் மழைக்குப்பின் சக்கரம் இறங்கினால் மாடு கட்டித்தான் இழுக்கவேண்டும். மழை இல்லாத மாதங்களில் சீமைக் கருவேல முள் இருக்கிறது. அது எந்தக் காலத்திலும் விடுமுறை எடுப்பதில்லை.

அந்தப் பாதைகளின் முடிவில் ஒரு வேப்பமரமோ பள்ளிக்கூடத் தாழ்வாரமோ இருக்கும். ஒரு மாத மாத்திரை வாங்க முதியவர்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் போகாவிட்டால் சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்குக் கட்டுப்போட அடுத்த வாரம்வரை ஆளிராது. ஐஸ் பெட்டியில் இருக்கும் இன்சுலினுக்கும் கெடு உண்டு; வெயிலில் வண்டி நின்றால் ஐஸ் உருகும். 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு உங்களுக்கு எதற்கு ஒரு வண்டி என்று சிலர் கேட்டார்கள். நல்ல கேள்விதான். 108 ஆபத்தில் அழைத்தால் வருகிறது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. நாங்கள் யாரும் அழைக்காமலே, சொன்ன நாளில், சொன்ன மரத்தடிக்குப் போகிறவர்கள். சொன்ன நாளில் போகாவிட்டால் எங்கள் வேலைக்கு அர்த்தமே இல்லை.

ஆகவே எதைக் கொண்டுபோவது? பாகங்களைத் தெரிந்தெடுப்பது, கேட்பதற்குச் சிறிய காரியம்போல இருக்கும்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களில் எதுவும் ஒற்றையாக இருக்காது. பாத்திரமானாலும் ஜாடியானாலும் அளவுக்கு ஒன்றாக அடுக்கடுக்காக வரும். அதில் மிஞ்சினவைதான் இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாக விலைக்குக் கிடைக்கின்றன. எங்களுக்கும் அப்படி எல்லாவற்றிலும் இரண்டு எடுத்துப்போக ஆசைதான். ஆனால் எங்கள் வண்டிக்கு இரண்டாம் கட்டு கிடையாது. ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார் வைக்கும் இடத்தில் ஒரு மாத்திரைப் பெட்டி வைக்கலாம். ஆக்சிஜன் சிலிண்டர், ஸ்ட்ரெச்சர், ஐஸ் பெட்டி, இரண்டு சிஸ்டர்மார், மருத்துவர், டிரைவர் இவ்வளவும் ஏறினபின் மிஞ்சுவது பின்சீட்டின் அடிப்பகுதிதான். மேலும் பாரம் கூடினால் செம்மண் குழியில் வில்லுப்பட்டை ஒடியும். ஒடிந்துவிடுமே என்று பயந்து ஏற்றின பாகமே வண்டியை ஒடிக்கும்.

ஆண்டவர் சீஷர்களை அனுப்பினபோது வழிக்குப் பை வேண்டாம் என்றார். பத்துக் கன்னிகைகளின் உவமையிலோ, எண்ணெயைக் கூடுதலாக எடுத்துப்போனவர்களே புத்தியுள்ளவர்கள். எங்கள் டிரைவர் அண்ணனிடம் இதைச் சொன்னோம். சீஷர்கள் நடந்து போனார்கள், டீசல் வண்டியில் போகவில்லை என்று அவர் அதோடு முடித்துவிட்டார்.

அவர் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. இது போனால் வண்டி நின்றுவிடுமா, அல்லது முனகிக்கொண்டாவது ஊர் வந்து சேருமா? இதைக் கரையில் வைத்து, நம்மிடம் இருக்கும் ஸ்பேனரைக்கொண்டு, மழையிலும் டார்ச் வெளிச்சத்திலும் மாற்ற முடியுமா? பக்கத்துச் சந்தை ஊர்க் கடையில் இது கிடைக்குமா? ஷாக் அப்சார்பர் போனால் முதுகு வலிக்கும், வண்டி வரும், அது வேண்டாம். கிளச் பிளேட் போனால் வண்டி நின்றுவிடும். ஆனால் கியர்பாக்ஸை இறக்காமல் மாற்ற முடியாது. ஆகையால் அதுவும் வேண்டாம். ஸ்டார்ட்டர் போனால் நான்கு பேர் தள்ளினால் போதும். கிராமத்தில் தள்ளுவதற்கு ஆள் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்படிக் கழித்துக்கொண்டே போனால் பெட்டியில் மிஞ்சுகிறவை பெரும்பாலும் மலிவானவை. ஃபேன் பெல்ட். ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், அவற்றின் கிளிப்புகள். டீசல் ஃபில்டர், ஏனென்றால் கேனில் வாங்கி ஊற்றும் டீசலில் தண்ணீரும் தூசியும் இருக்கும். பியூஸ், ரிலே, ஹெட்லைட் பல்பு, கொஞ்சம் ஒயர். வில்லுப்பட்டையின் சென்டர் போல்ட்டும் யு போல்ட்டும். சக்கர நட்டுகள். இன்ஜின் ஆயிலும் பிரேக் ஆயிலும். பிறகு எந்தக் கம்பெனியும் செய்யாத உதிரிபாகங்கள்: கட்டுக்கம்பி, பழைய டியூபில் வெட்டிய ரப்பர் நாடா, எம்சீல், ஒரு சலவைச் சோப்பு. டீசல் டேங்கில் கல் பட்டுக் கசிந்தால் சோப்பைத் தேய்த்து அடைத்து ஊர்வரைக்கும் வந்துவிடலாம். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அடிச் சதுரத்தில் பலகை ஒன்று. ஈர மண்ணில் பலகை இல்லாவிட்டால் வண்டி மேலே ஏறாது, ஜாக்கிதான் கீழே இறங்கும். எங்கள் பலகை, இடித்த ஒரு பழைய வீட்டின் பர்மாத் தேக்கு. அதைவிட நல்ல பலகை எந்த ஆஸ்பத்திரி வண்டியிலும் இருக்காது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளுகிறோம்.

ஒரு கார்த்திகை மாதத்து மாலையில் இந்தப் பெட்டி திறக்கப்பட்டதைச் சொல்லவேண்டும். கிளினிக் முடியும் நேரத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை அழைத்து வந்தார்கள். கால் வீக்கம், தலைவலி, கண் மங்குகிறது என்றார். இரத்த அழுத்தம் மிக அதிகம். வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. ஊசி போட்டு, உடனே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கண்மாய்க் கரையின் பாதி தூரத்தில் வெப்ப முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. கீழ் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் கிழிந்து, தண்ணீர் முழுவதும் போய்விட்டது. அந்த நிலையில் ஓட்டினால் இன்ஜின் போய்விடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறும்வரை காத்திருந்ததுதான் நீண்ட நேரம். ஹோஸை மாற்றப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. சிஸ்டர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் அந்தப் பெண்ணின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்மாய்த் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி ரேடியேட்டருக்கு ஊற்றினோம். இரவே சிசேரியன் நடந்தது. பெண் குழந்தை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அந்த ஹோஸின் விலை சில நூறு ரூபாய்தான்.

அன்று பெட்டியில் இருந்த ஹோஸ் புதியது அல்ல. இதைக் கவனிக்கவேண்டும். எங்கள் வழக்கம் இது: புதிய பெல்ட் வாங்கினால் அதை இன்ஜினில் பூட்டுவோம், இன்னும் நன்றாக இருக்கிற பழையதைக் கழற்றிப் பெட்டியில் வைப்போம். புதியதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பழையது அறும்வரை ஓட்டுவது சிக்கனம்போலத் தோன்றும். ஆனால் கடையில் கொடுத்த பாகம் நம்முடைய இன்ஜினுக்குச் சேருமா என்பது பூட்டிப் பார்க்கும்வரை தெரியாது. ஒரே அட்டைப்பெட்டி, ஒரே பெயர், அரை அங்குலம் நீளம் குறைவு. அதைக் கரையில் வைத்துக் கண்டுபிடிப்பதால் யாருக்கு என்ன பயன்? ஏற்கெனவே இன்ஜினில் ஓடின பாகம் மறுபடியும் சேரும் என்பது நிச்சயம். மாற்றும் வேலையும் ஆஸ்பத்திரி ஷெட்டில் ஒருமுறை கைக்குப் பழகியிருக்கும்.

வேறு நாடுகளிலும் இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறார்கள். 1980களில் சோமாலியாவுக்குப் போன மோட்டார் சைக்கிள் பந்தய உலகைச் சேர்ந்தவர்கள், சுகாதார ஊழியர்களுக்குக் கொடுக்கப்பட்ட வண்டிகள் சிறு பழுதுகளால் மூலையில் கிடந்ததைக் கண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ரைடர்ஸ் ஃபார் ஹெல்த் என்ற அமைப்பு. பழுதானபின் பார்ப்பது அல்ல, கெடுவதற்கு முன்பே குறித்த கிலோமீட்டரில் பாகத்தை மாற்றிவிடுவது அவர்கள் முறை. நம் நாட்டிலும் வெளிநாட்டிலிருந்து அன்பாக அனுப்பப்பட்ட வண்டிகள், ஒரு பாகம் கிடைக்காமல் மரத்தடியில் கோழி அடையும் இடமாகிவிடுவதுண்டு. வண்டி வாங்கும் நாளிலேயே உதிரிபாகத்தைத் தெரிந்தெடுத்துவிடுகிறோம் என்பது எங்கள் எண்ணம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அதிகமாக ஓடுகிற வண்டி எதுவோ அதுவே நமக்கும் நல்லது. சிங்கம்புணரியில் கடை பூட்டியிருந்தாலும், எதிரே வருகிறவருடைய பெட்டியில் அந்தப் பாகம் இருக்கும்.

டயரைப்பற்றி ஒரு வார்த்தை. நாம் ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். அங்கேதான் டேவிஸ் சகோதரர்கள் 1904இல் கூடுதல் சக்கரத்தை விற்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் கார்களில் அது கிடையாது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் முதலில் மாட்டுவண்டியிலும் பின்பு ஒரு பெஜோ காரிலும் குடியாத்தம் சாலையோரம் வைத்தியம் பார்க்கப் போனது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். அவர் நாளில் காரைக் கண்டு ஜனங்கள் பேய் என்று ஓடினார்களாம். கருவேல முள்ளுக்கு எங்களுக்கு ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு வைத்திருக்கிறோம். டியூப்லெஸ் டயரை அடைக்கும் ரப்பர் திரியும் காற்றடிக்கும் பம்ப்பும் உண்டு. முள்ளை அவசரப்பட்டுப் பிடுங்கக்கூடாது. திரி தயாராகும்வரை முள்ளே ஓரளவு காற்றைக் காக்கும்.

இப்போது வரும் வண்டிகளில் ஒரு சங்கடம் உண்டு. பழைய ஜீப்பில் டீசல் வழியில் காற்றுப் புகுந்தால் கைப்பம்பை அடித்து வெளியேற்றி ஓட்டிவிடுவோம். 2020 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் பிஎஸ்-6 வண்டிகளில் ஒரு சென்சார் கெட்டாலே இன்ஜின் வேகம் எடுக்க மறுத்துவிடலாம். புகை குறைந்தது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சுத்தியலும் கட்டுக்கம்பியும் அங்கே உதவாது. என்ன கோளாறு என்று காட்டும் ஒரு சிறு கருவியை இப்போது பெட்டியில் சேர்த்திருக்கிறோம். ஓட்டலாமா, இழுத்துப்போகவேண்டுமா என்றாவது அது சொல்லும். ஆக்சில் ஒடிந்தால் எந்தப் பெட்டியாலும் பயனில்லை. அப்போது நோயாளியைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு தார்ச்சாலைக்கு நடந்து, 108ஐ அழைக்கவேண்டியதுதான். அதற்காக நீளமான ஒரு கயிறும் வண்டியில் இருக்கிறது.

அன்பானவர்களே, வண்டி வாங்கக் கேட்டால் காணிக்கை வருகிறது. கொடுத்தவர் பெயரைக் கதவில் எழுதி, ஐயரவர்கள் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளுகிறோம். ஃபேன் பெல்ட்டில் யாருடைய பெயரையும் எழுத இடமில்லை. ஆண்டுதோறும் மாற்றவேண்டிய பாகங்களுக்குப் பணம் சேர்ப்பதுதான் எங்களுக்குக் கடினமாக இருக்கிறது. வரும் ஐப்பசி மழைக்கு முன்பாக வண்டியின் ஹோஸ்கள், பெல்ட், ஃபில்டர்கள், முன் டயர் இரண்டு மாற்றவேண்டியிருக்கிறது. பெட்டியின் மூடிக்கு உட்புறம் எந்தப் பாகம் எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று டிரைவர் அண்ணன் எழுதி ஒட்டியிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும். வந்து பெட்டியைத் திறந்து பாருங்கள். கை கொஞ்சம் அழுக்காகும்.